ஒழுகும் கித்தான் கூடாரம்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிந்து நீக்கும் முறை

பள்ளிச் சாரணர் படைகளின் சாமான் அறைகளிலும், ஏலத்தில் எடுத்த ராணுவக் கூடாரங்களை வாடகைக்கு விடுவோரிடமும், மலைத்தோட்டங்களின் பழைய கிடங்குகளிலும் பருத்திக் கித்தானால் தைத்த கூடாரங்கள் இன்றும் மடித்தபடி கிடக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பகுதியிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடைக்கானல், ஏற்காடு பக்கங்களிலும் முகாம் போடுகிறவர்கள் இவற்றை எடுத்து விரித்தால், முதல் மழையிலேயே எங்காவது சொட்டத் தொடங்கிவிடுகிறது. உடனே நீர்காப்புத் திரவம் ஒரு டின் வாங்கிக் கூரை முழுவதும் பூசுவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். கித்தான் கூடாரத்துக்குள் ஈரம் சேர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டுக்கு மட்டுமே பூச்சு மருந்தாகும். மற்றவற்றுக்குப் பூசுவது பணச் செலவோடு நிற்காமல், பின்னால் செய்ய வேண்டிய சரியான பழுதுபார்ப்பையும் கெடுத்துவிடும். ஆகவே அறிகுறியை முதலில் பார்த்து, காரணத்தை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே கையில் தூரிகையை எடுக்க வேண்டும்.

கித்தான் எப்படி மழையைத் தடுக்கிறது என்பதை அறிந்திருந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். பருத்தி நூல் நனைந்தவுடன் உப்பும்; உப்பும்போது பாவு நூலுக்கும் (நெடுக்கு நூல்) ஊடை நூலுக்கும் (குறுக்கு நூல்) இடையே உள்ள இடுக்குகள் சுருங்கும். எஞ்சிய நுண்ணிய இடுக்குகளில் நீரின் பரப்பு இழுவிசை தண்ணீரை உள்ளே இறங்க விடாமல் பிடித்து வைக்கிறது. எனவே மழையில் கூரை கருத்து, நன்றாக நனைந்து தெரிவது குறையல்ல. உட்புறம் சொட்டாதவரை அந்தத் துணி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

முகாமுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வெயில் அடிக்கும் ஒரு நாளில் கூடாரத்தை முற்றத்தில் முழுதாகக் கட்டுங்கள். கூரையில் வெயில் அதிகம் பட்டு வெளிறிய பகுதியை இரண்டு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருக்கமாகப் பற்றி, பாவு வாட்டத்தில் ஒருமுறையும் ஊடை வாட்டத்தில் ஒருமுறையும் பலமாக இழுத்துப் பாருங்கள். துணி தாங்கினால் மேலே படிக்கலாம். காகிதம்போல் கிழிந்தால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, உள்ளே நின்று வாசல் திரையை மூடிக்கொண்டு கூரையை அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரியும் ஒவ்வொரு இடத்தையும் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு ஒருவர் வெளியிலிருந்து தோட்டக் குழாயால் மேலிருந்து கீழாக மழைபோலத் தண்ணீர் விட, மற்றொருவர் உள்ளே இருந்து முதலில் ஈரம் தோன்றும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் தோன்றும் இடம் என்பது முக்கியம், ஏனெனில் உள்ளே புகுந்த நீர் தையல் மடிப்பின் வழியே ஓடி, புகுந்த இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளியும் சொட்டும்.

மூன்றாவதாக, துணியில் ஏற்கெனவே என்ன பூச்சு இருக்கிறது என்பதை அறிய வேண்டும். ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிடம் அழுத்தினால், மெழுகுப் பூச்சு இருந்தால் காகிதத்தில் எண்ணெய்க் கறை படியும். பழைய ராணுவக் கூடாரங்களில் பெரும்பாலும் இந்தக் கறை தெரியும். மெழுகு ஏறிய துணியின் மேல் சிலிக்கோன் பூச்சு ஒட்டாது. சிலிக்கோன் ஏறிய துணியில் மெழுகோ, ஒட்டுப் பசையோ நிற்காது.

மழை பெய்யாத இரவிலும் காலையில் உட்புறம் ஈரமாக இருக்கிறது

இது ஒழுகல் அல்ல, உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வரும் ஆவி குளிர்ந்த கூரையில் படிவது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இரவுக் குளிருக்குப் பயந்து எல்லாக் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டுப் படுப்பதால்தான் இது மிகுதியாகிறது. ஈரம் கூரை முழுவதும் சீராகப் பரவியிருந்தால் ஆவிப் படிவு. ஒரு புள்ளியிலோ கோட்டிலோ இருந்தால் கசிவு. மேலே உள்ள காற்றுத் துளைகளை மழை நாளிலும் திறந்தே வையுங்கள், ஈரத் துணிகளை உள்ளே கொடி கட்டி உலர்த்தாதீர்கள். இதற்காகத் துணியின் மேல் கனமான பூச்சைப் பூசினால் கித்தானின் மூச்சு அடைபட்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பை மூடிய கூடாரத்துக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. நனைந்த கித்தானில் இடுக்குகள் அடைபட்டிருப்பதால் காற்றோட்டம் மேலும் குறைவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தொட்ட இடத்தில் மட்டும் சொட்டுகிறது

பெட்டி, படுக்கை, தலை, கை என எதுவாயினும் நனைந்த கூரையின் உட்புறத்தைத் தொட்டால், இடுக்கில் நின்றிருந்த நீர் அந்தப் பொருளின் வழியே இறங்கத் தொடங்கும். துணியில் பழுது இல்லை. சொட்டும் புள்ளியிலிருந்து விரலை எடுக்காமல் சுவர் வரை கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துவிட்டால், நீர் அந்தக் கோட்டின் வழியே ஓரத்துக்குப் போய்விடும். இரட்டைக் கூரை உள்ள, ஈ.பி.ஐ.பி. எனப்படும் ராணுவ வகைக் கூடாரங்களில் வெளிக்கூரை தொய்ந்து உட்கூரையில் ஒட்டிக்கொண்டாலும் இதே நிலைதான். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்து, வெளிக்கூரையின் கயிறுகளைத் தனியாக இழுத்துக் கட்டுங்கள்.

தையலை ஒட்டி வரிசையாகச் சொட்டுகிறது

பழைய கூடாரங்களில் மிக அதிகமாகக் காணப்படும் பழுது இதுதான், மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். தையல் என்பது ஊசி குத்திய துளைகளின் வரிசை. பருத்தி நூலால் தைத்திருந்தால் அந்த நூல் நனைந்து உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். இடையில் யாராவது பழுது பார்த்தபோது வெறும் பாலியெஸ்டர் நூலாலோ நைலான் நூலாலோ தைத்திருந்தால், அது உப்பாது. ஒவ்வொரு துளையும் திறந்தே இருக்கும். நூலின் நுனியைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி எரிந்து மென்மையான சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

பருத்தி நூலாகவே இருந்து, கூடாரம் நெடுநாள் காய்ந்து கிடந்திருந்தால், முதலில் எதுவும் பூசாமல் நனைத்து முழுதாக உலர விடுவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். புதுக் கித்தானுக்குச் செய்யும் இந்தப் பக்குவம் பழையதற்கும் பயன்படும். நூலும் துணியும் மீண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். அதன் பிறகும் சொட்டும் தையலுக்குத் தேன்மெழுகே சிறந்த மருந்து. மெழுகுக் கட்டியைத் தையலின் வெளிப்புறத்தில், இரண்டு வரிசைத் தையலையும் அவற்றுக்கு இடைப்பட்ட மடிப்பையும் சேர்த்து, வெள்ளைக் கோடு தெரியும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைக் காட்டினால் அந்த வெள்ளைக் கோடு கண்ணெதிரே கரைந்து நூலுக்குள் இறங்கும். துணி சற்றே கருக்கும். அது ஆறுவதற்குள் பழந்துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிடுங்கள். மேலே மெழுகு தடித்து நின்றால் மடிக்கும்போது உதிர்ந்து தூசியைப் பிடிக்கும்.

நூல் இற்றுப்போயிருந்தால் மெழுகு உதவாது, பிரித்துத் தைக்கத்தான் வேண்டும். பாலியெஸ்டர் இழையை நடுவில் வைத்துப் பருத்தி சுற்றிய நூல் கிடைத்தால் அதுவே நல்லது; இழை வலுவைத் தரும், பருத்தி உப்பித் துளையை அடைக்கும். கிடைக்காதபோது கனமான பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள். வீட்டுத் தையல் இயந்திரம் கித்தானின் நான்கு மடிப்பைத் தாங்காது. லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர்களிடமோ, செருப்பும் பையும் தைக்கும் கடைகளிலோ கொடுப்பது நல்லது. பழைய துளைகளின் மேலேயே ஊசி இறங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் புதுத் துளை போட்டால் ஒழுகும் வரிசை இரண்டாகிவிடும்.

கூரையில் நீர் குளம்போல் தேங்கி, அந்த இடத்தில் கசிகிறது

இறுக்கமாகச் சரிந்து நிற்கும் துணியில் நீர் ஓடிவிடும்; தேங்கிய நீரின் எடையை எந்தப் பூச்சும் நெடுநேரம் தடுக்காது. கம்புகள் நேராக நிற்கின்றனவா, கயிறுகள் தையல் கோட்டின் நேரே இழுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கயிற்றின் வகையும் முக்கியமானது. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கும். இரவு மழை வரும் என்று தெரிந்தால் படுக்கும் முன் சற்றுத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் முளை பிடுங்கிக்கொள்ளும் அல்லது கயிறு கோத்த இடத்தில் துணி கிழியும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். அதை மழை தொடங்கியபின் எழுந்துபோய் இறுக்கத்தான் வேண்டும். ஒரே கூடாரத்தில் இரண்டு வகைக் கயிறும் கலந்திருந்தால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். எனவே எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றிவிடுங்கள்.

முகட்டிலும், கம்பு முனையிலும், ஐலெட்டைச் சுற்றியும் ஒழுகுகிறது

இவை உராய்ந்து தேயும் இடங்கள். (ஐலெட் என்பது கயிறு கோக்கத் துணியில் பதித்த உலோக வளையம்.) இரும்பு முனையின் துரு பருத்தியை அரிக்கும். பழுப்புக் கறை படிந்த வட்டத்தை இழுத்துப் பார்த்தால் சுற்றிலும் உள்ள துணியைவிட நலிந்திருப்பது தெரியும். அந்த வட்டத்தை முழுதும் உள்ளடக்கும் அளவுக்கு உள்ளும் புறமும் கித்தான் ஒட்டு வைத்துத் தையுங்கள். ஒட்டின் மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், கூரையின் பாவு வாட்டத்திலேயே ஒட்டின் பாவு நூலும் அமைய வேண்டும். புதுக் கித்தானை வெட்டும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்தினால், பின்னால் அது சுருங்கிக் கூரையைச் சுருக்காது. இரும்பு ஐலெட்டுகளைப் பித்தளையாக மாற்றுங்கள். பிளாஸ்டர் நாடாவை ஒட்டுவது ஓர் இரவுக்கான ஏற்பாடு மட்டுமே. அதன் பசை துணியில் தங்கிவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பூச்சும் ஏறாது.

தையல் இல்லாத இடத்திலும் துணி வழியே பரவலாக நீர் இறங்குகிறது

நனைத்து உலர்த்திய பின்னும், துணி இறுக்கமாக நிற்கும்போதும், யாரும் தொடாத இடத்திலும் நீர் இறங்கினால்தான் துணியின் நீர்விலக்கும் தன்மை போய்விட்டது என்று முடிவு செய்யலாம். அதற்குப் பெரும்பாலும் காரணம் சோப்புத்தூள். அழுக்கு நீங்கட்டும் என்று யாரோ டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்திருப்பார்கள். அதன் எச்சம் துணியில் இருக்கும்வரை நீர் எளிதாக ஊடுருவும். பூசும் முன் நுரை முற்றிலும் நிற்கும்வரை வெறும் தண்ணீரில் அலசி, முழுதாக உலர்த்துங்கள். சில கூடாரங்கள் இந்த அலசலிலேயே சரியாகிவிடும், ஆகவே மீண்டும் குழாய்ச் சோதனை செய்து பார்க்க வேண்டும்.

பூச்சு தேவை என்று உறுதியானால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நீரில் கரைந்து வரும் சிலிக்கோன் திரவம். மெழுகு ஏறாத துணிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். எடை கூடாது, துணியின் மூச்சு அடைபடாது, தீப்பற்றும் அபாயத்தையும் மெழுகைப்போல் கூட்டாது. மெல்லிய இரண்டு பூச்சு, கனமான ஒரு பூச்சைவிட மேலானது. ஒட்டும் தையலும் முடித்த பிறகே இதைப் பூச வேண்டும். பழைய துணி குடிக்கும் அளவைக் கணிப்பது கடினம். ஒரு சுவர்ப் பகுதியில் பூசிப் பார்த்துவிட்டு அதன் கணக்கில் வாங்குங்கள்.

இரண்டாவது, படிகாரமும் சோப்பும். இது பழைய முறை, செலவு மிகக் குறைவு, நாட்டு மருந்துக் கடையிலேயே பொருள் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் சோப்பு என்ற கணக்கில் கரைத்துத் துணியில் ஊறவிட வேண்டும். அல்லது கட்டி நிற்கும் கூடாரத்தில் தூரிகையால் நன்றாக ஏற்ற வேண்டும். லேசான ஈரம் மிஞ்சும்வரை உலர்ந்ததும், லிட்டருக்கு 60 கிராம் படிகாரம் கரைத்த நீரை ஏற்ற வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து நீரில் கரையாத அலுமினியச் சோப்பாக நூலுக்குள்ளேயே படிகிறது. நீரை விலக்குவது அந்தப் படிவுதான். இதில் மூன்று கவனம் வேண்டும். சோப்பு கொழுப்பிலிருந்து செய்ததாக இருக்க வேண்டும், உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) சதவீதம் அச்சிட்டிருந்தால் அது அத்தகையது, டிடர்ஜென்ட் கட்டி இதற்கு உதவாது. தண்ணீர் மழைநீராக இருப்பது நல்லது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு திரிந்து வீணாகிவிடும். மிஞ்சிய படிகாரத்தைக் கடைசியில் நல்ல நீரில் அலசிவிட வேண்டும், ஏனெனில் அதன் அமிலத்தன்மை நாளடைவில் பருத்தியை நலிவாக்கும். இந்தப் பூச்சு சிலிக்கோன் அளவுக்கு நீடிக்காது, ஆனால் பல கூடாரங்களைக் குறைந்த பணத்தில் ஒப்பேற்ற வேண்டிய பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

மூன்றாவது மெழுகு. ஏற்கெனவே மெழுகு ஏறிய ராணுவக் கித்தானுக்கு இதுதான் வழி. கட்டியாகத் தேய்த்து மிதமான இஸ்திரிச் சூட்டில் உருக்கி ஏற்றலாம். பாரபின் மெழுகைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கரைத்துப் பூசும் பழைய குறிப்புகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கூடாரத்துக்கு மழைக்காப்பாகப் பூசியிருந்தது எரிபொருளில் கரைத்த பாரபின் மெழுகு. எந்த வகை மெழுகு ஏறிய கூடாரமானாலும் அதனுள்ளும் அருகிலும் அடுப்பு, மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் பூசும் முறையையும் நான் ஒதுக்கிவிடுவேன். துணி விறைத்து மடிப்பில் வெடிக்கும். அந்த எண்ணெய் நனைத்த கந்தல் சுருட்டிய நிலையில் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

பூசிய பின்னும் ஒழுகுகிறது, அல்லது துணியில் வெள்ளைத் திட்டு தெரிகிறது

ஒரு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது, குறை தையலிலோ இழுப்பிலோ இருக்கிறது. சில இடங்களில் மட்டும் துளி பரவினால் அங்கே டிடர்ஜென்ட், எண்ணெய்ப் பிசுக்கு, பூச்சிவிரட்டி மருந்து ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்து பூச்சை ஏறவிடவில்லை. அந்த இடத்தை அலசி மறுபடி பூச வேண்டும். வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வழிந்து தேங்கிய பூச்சு; ஈரமாக இருக்கும்போதே துடைத்திருந்தால் வந்திருக்காது, மென்மையான தூரிகையால் தேய்த்தால் ஓரளவு போய்விடும்.

கரும்புள்ளிகளும் பூசண நாற்றமும்

பருத்தி செல்லுலோஸ் ஆனது, பூஞ்சைக்கு அது உணவு. ஈரமாக மடித்த கித்தானில் இரண்டு மூன்று நாளிலேயே அது வேர்பிடித்துவிடும். கூடாரத்தை வெயிலில் விரித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் புள்ளிகளைத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு அலசி, வெயிலிலேயே உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும், நூலையும் அரிக்கும், ஆகவே வேண்டாம். கறுத்த தடம் முழுதும் போகாது. நாற்றம் போய், இழுத்தால் துணி தாங்கினால் அதுவே போதும். பூஞ்சை இருக்கும்போதே மேலே பூச்சு அடிப்பது அதை உள்ளே வைத்து மூடுவதாகும்.

மழைக்காலத்தில் மலையில் கித்தானை உலர்த்த முடியாது. ஊட்டியிலிருந்து இறங்குகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வெயில் கண்ட அன்றே விரித்துவிட வேண்டும். தையல் மடிப்பும் கீழ்ப்பட்டையும் கடைசியாகவே உலரும்; அவற்றை விரலால் பிசைந்து பார்த்த பிறகு மடியுங்கள். பாலிதீன் பையில் அடைக்காமல் துணிப்பையில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது

தரைவிரிப்புத் தார்ப்பாயின் ஓரம் கூடாரச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுவரில் வழியும் மழை முழுவதையும் அது வாங்கி உள்ளே கொண்டுவரும். ஓரங்களை உட்புறமாக நான்கு விரல் உயரத்துக்கு மடித்து நிறுத்துங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சற்று மேடான, நீர் வடியும் நிலத்தைப் பாருங்கள். காட்டில் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் அங்கே மண் அரிப்பு தொடங்கும்.

இழுத்தால் துணி கிழிகிறது

வெயிலின் புற ஊதாக் கதிரால் நலிந்த பருத்திக்குப் பூச்சு எதுவும் வலு தராது. கூரை மட்டும் போய், சுவர்கள் நன்றாக இருந்தால், அளவெடுத்துப் புதுக்கூரை தைத்துச் சுவரோடு இணைக்கலாம். புதுக் கூடாரத்தைவிட இது மலிவு. ஒரு பருவம் மட்டும் ஓட்ட வேண்டும் என்றால், கூரைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டுத் தார்ப்பாயைத் தனிக் கம்பிலும் தனிக் கயிற்றிலும் கட்டுங்கள். பழைய துணியின் மேல் அதன் எடையோ இழுப்போ சற்றும் விழக்கூடாது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததுபோன்ற மழைக்கு எந்தக் கித்தானும் ஈடு கொடுக்காது. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் முகாமைக் கட்டடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு வழியும் இல்லாமல் கூடாரத்தை ஒதுக்க நேர்ந்தால், நிழலில் இருந்த கீழ்ச்சுவர்த் துணியையும் பித்தளை ஐலெட்டுகளையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பலமுறை நனைந்து சுருங்கி அடங்கிய அந்தத் துணி மற்றக் கூடாரங்களுக்கு ஒட்டுப் போட மிகவும் ஏற்றது.